அறுவடைக்குப் பட்டுப்புடவை

எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பதை யாரும் பெண் பார்ப்பது என்று சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வருவார்கள். பெண் ஏதோ வேலையாக அங்கே நிற்பாள். பிடிக்காவிட்டால் எதுவுமே நடக்கவில்லை, யாருக்கும் அவமானமில்லை. பெண்ணைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

போன தை மாதம் சென்னையிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம என் பொண்ண அனுப்பி வைக்கிறேன்டா. வயலு, அறுப்பு எல்லாம் பாக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுகினு இருக்கறா. பையன் வூட்டுக்காரங்க பதினோரு மணிக்கு வழி கேக்கறாப்பல கார நிறுத்துவாங்க. அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். பட்டு மட்டும் கட்டிக்க சொல்லு."

அக்கா மகளுக்கு இருபத்து நாலு வயது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள். அப்பா சொன்னால்கூட ஒருமுறை செல்போனில் தேடிச் சரிபார்ப்பாள். மாமா நான் சொன்னால் அப்படியே நம்பிவிடுவாள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அக்காவும் நானும் இந்தக் காரியத்தில் இறங்கினோம்.

"நம்ம ஊர்ல அறுப்பு அன்னிக்கி பொம்பளைங்க பட்டுதாம்மா கட்டுவாங்க. ஆரணின்னா சும்மாவா?" என்று அவள் வந்து இறங்கியதும் சொன்னேன்.

நான் பட்டு நெய்கிறவன். எங்கள் வீட்டுப் பெண்களே கல்யாணம் கார்த்திகைக்குத்தான் பட்டை வெளியே எடுப்பார்கள். அவளோ கண்ணை விரித்து, "சூப்பர் மாமா" என்றாள்.

களம்பூர் போகிற வழியில் எங்களுக்கு ஒரு காணி நிலம் இருக்கிறது. கத்தரிப்பூ நிறப் பட்டில் அவள் வரப்பில் இறங்கியதும், வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாம்மா இது, அறுப்பு பாக்க வந்துகிறியா, இல்ல உன்ன பாக்க யாராவது வர்றாங்களா?"

நான் அவளை அதட்டினேன். அக்கா மகள் அதற்குள் சிரித்தவளிடமே ஒரு நைட்டியும் முழுக்கைச் சட்டையும் இரவல் வாங்கி, மோட்டார் கொட்டகையில் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தலையில் துண்டு வேறு. அடுத்து நான் பார்த்தபோது அறுப்பு மெஷின்மேல், டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"மணி பத்தரைம்மா! எறங்கு, ஜல்தி!"

"மாமா, நீயும் ஏறு!"

ஒரு திருப்பத்தில் அந்த டிரைவர் புண்ணியவான் ஸ்டியரிங்கை அவளிடமே கொடுத்துவிட்டார். வரப்பில் பாதி காலி. மெஷின் சேற்றில் சாய்ந்து நின்றது. அவள் குதித்து, பெண்களோடு சேர்ந்து மண்வெட்டியால் சேற்றை வாரினாள். முட்டிவரை சேறு, முகமெல்லாம் நெல் தூசு. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை. நானோ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நின்றது. பையனின் அம்மா ஜரிகை பளபளக்க இறங்கினார். பின்னால் பையன், இஸ்திரி கலையாமல்.

"களம்பூருக்கு இப்படித்தானேங்க போகணும்?" என்று களம்பூரிலேயே பிறந்து வளர்ந்த அந்த அம்மாள் ஒப்பித்தார்.

"ஆமாங்க" என்று நானும் ஒப்பித்தேன்.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு எங்கங்க?"

"தலவலின்னு வூட்லயே படுத்துகினு இருக்குதுங்க."

சேற்றிலிருந்து அவள் நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இது யாருங்க?"

"மெஷின் டிரைவரோட பொண்ணுங்க" என்றேன்.

அவள் காதில் விழுந்துவிட்டது. நின்றாள். காரைப் பார்த்தாள், பையனின் சட்டையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. "இவ என் அக்கா பொண்ணு" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சம்பந்தம் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"வெயில்ல வந்துகிறோம், கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றார் அம்மாள், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"இதோ கொண்டு வர்றேங்க" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு, சொம்பில் தண்ணீரும் டம்ளர்களும் எடுத்துவந்தாள். அம்மாளுக்குக் கொடுத்தாள். பையனுக்குக் கொடுத்தாள், அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தான். பிறகு எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, என் எதிரில் வந்து நின்றாள்.

"நீங்களும் குடிங்க சார்" என்றாள்.