சிவப்புப் பட்டையைப் பிரித்தவள்

போன பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்த தையல்காரி ஹெர்செண்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல இந்தக் கோட்டையில் என்னை விட்டால் ஆளில்லை. அவள் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றைக் கடித்துக்கொண்டே பேசுவாள், திட்டுவாள், ஜெபமும் சொல்வாள். நான் துணி வெளுக்க வந்த முதல் வருஷம், பிரபுவின் மேலங்கியில் சாயத்தை ஓடவிட்டு, அவள் தைத்த வெள்ளை நாரைகளை நீலமாக்கிவிட்டேன். தவக்காலம் முழுக்க அவள் என் முகத்தில் விழிக்கவில்லை. ஈஸ்டர் அன்று அவளாகவே ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு வந்தாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஒரே அறையில் படுத்தோம்.

அவள் புருஷன் சோம் ஆற்றங்கரைக் கிராமங்களில் கூரை வேய்ந்தவன். கல்யாணமான இரண்டாம் வருஷமே கூரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. அந்த நாரைகளைத்தான் வளர்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

நீலத்தில் மூன்று வெள்ளை நாரை, அது எங்கள் ஆன்செல் பிரபுவின் சின்னம். போர்க்களத்தில் முகத்தை இரும்பு மூடிவிட்டால் யார் எவர் என்று பெற்றவளுக்கே தெரியாது. நெஞ்சில் இருப்பதைப் பார்த்துத்தான் ஆட்கள் பின்னால் ஓடுவார்கள். அதனால் ஒரே சின்னம் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது. அப்பா உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் நாரைகளுக்கு மேலே ஒரு சிவப்புப் பட்டையைத் தைத்துக்கொள்ள வேண்டும். அப்பா கண்ணை மூடினால் பட்டையைப் பிரித்துவிடுவார்கள்.

மகன் கோத்தியேவுக்குப் பத்தொன்பது வயதில் ஹெர்செண்ட்தான் அந்தப் பட்டையைத் தைத்தாள். அங்கிகள் கிழிந்தன, புதிது வந்தன, பட்டை மட்டும் போகவில்லை. அவருக்குத் தலையே நரைத்துவிட்டது. "நம்ம சின்னப் பிள்ளை வருது" என்று சமையலறையில் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு வருஷம் அறுவடைக் காலத்தில் பிரபுவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பாதிரியார் வந்து சாவுக்கு முன் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, பிரபு ஹெர்செண்டைக் கூப்பிட்டனுப்பினார். கோத்தியேவும் பக்கத்தில்தான் நின்றார்.

"உன் கத்திரி இருக்காம்மா?"

"இருக்குங்கய்யா. எதைக் கிழிச்சு வச்சீங்க?"

"நான் ஒண்ணும் கிழிக்கல. இவன் அங்கியில இருக்கற பட்டையைப் பிரிச்சுடு."

அவள் ஊசியை விழுங்காதது அதிசயம். "ஐயா, நீங்க இருக்கீங்களே!"

"இருக்கேன், அதனாலதான் சொல்றேன். எங்கப்பா என் நெஞ்சுல வெறும் நாரையை மட்டும் பாத்ததே கிடையாது. அவரோட அப்பாவும் அப்படித்தான். மகன் முழுசாப் போட்டுக்கற அன்னிக்கு அப்பன் மண்ணுக்குள்ள கிடக்கான். நான் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேனே."

"அதைப் பிரிக்கறதும் உங்களுக்குக் குழி வெட்டறதும் ஒண்ணுதான். என்னால முடியாதுப்பா," என்று கோத்தியே லாயத்துக்குப் போய்விட்டார். பிரபு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

ஹெர்செண்ட் விடுவிடுவென்று லாயத்துக்கு நடந்தாள். பயந்துபோய் நானும் பின்னால் ஓடினேன். அவள் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"சின்னய்யா, இன்னிக்கு இல்லன்னா அடுத்த வாரம் நான்தான் இதைப் பிரிக்கப் போறேன். அப்போ பாக்க யார் இருப்பா?"

"யார் எந்தச் சின்னம் போடணும்னு பாத்துக்கற கட்டியக்காரர் காதுக்குப் போனா? அப்பனை உயிரோட புதைச்சவன்னு களத்துக்குக் களம் சொல்வார்."

"சொல்லட்டும். கேட்டா என்னைக் காட்டுங்க, நான் பதில் சொல்லிக்கறேன். அங்க ஒரு மனுஷன் சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கார்."

கோத்தியே குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பிரபுவின் அறை ஜன்னலைத் திறந்துவிட்டேன். கோத்தியே அங்கியோடு நிற்க, ஹெர்செண்ட் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். ஒரு நூலை வெட்டுவாள், கட்டிலில் மூச்சு ஓடுகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள், அடுத்ததை வெட்டுவாள். பட்டை வந்துவிட்டது. வெயில் படாத அந்த இடத்தில் மட்டும் நீலம் புதிதாக இருந்தது.

பிரபு பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னைவிட உனக்குத்தாண்டா பொருந்துது."

நாற்பத்தொரு வயது மனிதர் கட்டிலோரம் மண்டியிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பிரபு அவர் தலையைத் தடவிவிட்டு, "போதும் போதும். ஹெர்செண்ட், திரும்பத் தைச்சுடு. நான் இன்னும் சாகல!" என்றார். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஒன்பது நாள் இருந்தார். அடக்கத்தன்று காலை கோத்தியே எங்கள் அறைக்கு வந்தார். ஹெர்செண்ட் கத்திரியை எடுத்தாள். அவர் பட்டையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. முழுசா அப்பா பாத்துட்டார். இன்னிக்கு ஒரு நாள் அவர் மகனாவே நடந்துட்டு வர்றேன்."

தேவாலய வாசலில் கட்டியக்காரர் பட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். ஹெர்செண்ட் அவரை ஒரு முறை முறைத்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். கோத்தியே சிவப்புப் பட்டையோடு பெட்டிக்குப் பின்னால் நடந்து போனார்.