அவனுடைய முதல் மேடை என் மண்டபம்

பலேர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதியில் தச்சுப் பட்டறையாகக் கிடந்த கட்டடத்தை மண்டபமாக்கியவன் நான். தெருவில் எறிந்துவிட்ட பழைய கதவுகளை அறுத்து மணவறை செய்தவன் நான். எரிந்துபோன இரண்டு ஒலிபெருக்கிகளைப் பிரித்து, கம்பி மாற்றி, பாட வைத்தவனும் நான்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இத்தாலிய மொழியை ஏணியில் நின்று வெள்ளையடித்தபடியே பிடித்தேன். இவ்வளவையும் பலேர்மோத் தமிழர் ஒத்துக்கொள்வார்கள். ஒன்றைத்தான் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை. இன்று பிள்ளைகள் பித்துப்பிடித்துத் திரியும் அந்தப் பாடகன் முதன்முதல் ஏறிய மேடை என்னுடையது.

அப்போது அவனுக்கு இருபது வயது இருக்கும். வன்னியிலிருந்து வந்து, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவினான். கழுவுகிற இடத்திலேயே கைபேசியைச் சாய்த்து வைத்து, தானே கட்டிய பாட்டைப் பாடி இணையத்தில் போடுவான். பாதி தமிழ், பாதி சிசிலிப் பேச்சு. எனக்கு அது பாட்டாகவே படவில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல், சீசாப் பகுதியில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வயதுக்கு வந்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. எங்கள் சடங்கில் பிள்ளை நாலைந்து தடவை சேலை மாற்றுவாள். ஒவ்வொரு தடவையும் சனம் கதிரையில் இருந்து கொட்டாவி விடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அவனைக் கூப்பிட்டேன்.

"மாமா, என்னட்டை ரெண்டு பாட்டுத்தான் இருக்கு. காணுமோ?"

"ரெண்டையும் மாறி மாறிப் பாடு. ஆர் கவனிக்கப்போகினம்?"

சடங்கு தொடங்கிச் சிறிது நேரத்தில் மனைவி வந்து காதைக் கடித்தாள். "இஞ்சேருங்கோ, அழைப்புச் சொல்லாத பெட்டையளெல்லாம் வந்து நிக்குதுகள். சாப்பாடு காணாது."

போய்ப் பார்த்தேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள், பேருந்து மாறி வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் சிசிலிப் பிள்ளைகளையும் இழுத்து வந்திருந்தார்கள். மணிக்கட்டுகளில் பேனாவால் ஏதோ வரிகள்.

"பிள்ளையள், பெரியாக்கள் சாப்பிட்டாப் பிறகுதான் உங்களுக்கு."

"அங்கிள், நாங்கள் சாப்பிட வரேல்லை. அவர் எப்ப பாடப்போறார்?"

"எவர்?"

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அவன் ஏறிப் பாடத் தொடங்கினான். நான் பின்பக்கம் போய்த் தேநீர் கொதிக்கும் பெரிய மின்சாரப் பாத்திரத்தைப் போட்டேன். ஒலிபெருக்கியும் அந்தப் பாத்திரமும் ஒன்றாக ஓடினால் மீட்டர் விழும், கரண்ட் போய்விடும். கம்பி இழுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவன் பாடுவதை ஒரு நிகழ்ச்சியாகவே நான் நினைக்கவில்லை. டக்கென்று மீட்டர் விழுந்தது. பாட்டு நடுவரியில் அறுந்தது.

பிறகு, அறுந்த அதே சொல்லிலிருந்து அந்தப் பிள்ளைகள் பாட்டை எடுத்தார்கள்.

அப்படியொன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வானொலியில் வராத பாட்டு, ஒரு தாளிலும் அச்சாகாத பாட்டு. ஒரு எழுத்துப் பிசகாமல் மண்டபம் முழுக்க நிறைந்தது. தமிழ் தெரியாத சிசிலிப் பிள்ளைகளும் தமிழ் வரிகளைப் பாடினார்கள். பட்டறைக் காலத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. சடங்குப் பிள்ளையே தலையில் பாதிப் பூவோடு ஓடி வந்துவிட்டாள். பின்னால் கொண்டையூசியோடு தாய்.

"எடியே, சபைக்கு முன்னாலை இப்பிடியே வாறது?"

"பூவைப் பிறகு வைக்கலாம் அம்மா, பாட்டு முடிஞ்சிடும்!"

அவன் மேடையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். தன் பாட்டு இத்தனை நெஞ்சுகளுக்குள் இருக்கிறதென்று அவனுக்கே அதுவரை தெரியாது.

என் கை மீட்டரின் விசையில் இருந்தது. மேலே தட்டினால் போதும்.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கரண்டைப் போடுங்கோவன்!" என்றாள் மனைவி.

"பொறு," என்றேன். பாட்டு முடியும்வரை கையை அசைக்கவில்லை.

இப்போது அவன் பெரிய அரங்குகளில் பாடுகிறான். அண்மையில் இங்கே ஒட்டிய சுவரொட்டியில் 'பலேர்மோவில் முதல் முறையாக' என்று போட்டிருந்தார்கள். பாரிஸில்தான் முதலில் மேடை ஏறினானாம்.

"கரண்டை விழுத்தினதுக்கு ஆரும் பேர் போடுவினமோ?" என்று மனைவி சிரிக்கிறாள்.

மீட்டர் விழுந்தது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரண்டை உடனே போட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் குரல் ஒலிபெருக்கிக்குள் அமுங்கியிருக்கும். அவன் இரண்டு பாட்டைப் பாடிவிட்டுக் கோப்பை கழுவப் போயிருப்பான். போடாமல் நின்றவன் நான். ஆகவே அவன் கதையை எழுதுகிறவர்கள் முதல் வரியைத் திருத்த வேண்டும். முதல் மேடை, பலேர்மோ, பிரான்காச்சோ, பழைய தச்சுப் பட்டறை மண்டபம். அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், என் பெயர்.