காவலரணைத் தாண்டிய ஓட்டம்

கொட்டாஞ்சேனையில் என் பக்கத்து அறையில் இருந்தவர் அவர். ஒடிசலான, நெடிய உருவம். வாசலைத் தாண்டுமுன் சட்டைப்பையைத் தொட்டு ஐசி என்கிற அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். தெருமுனையில் மறுபடியும் தொடுவார். பஸ் கிளம்பிவிட்டாலும் ஓடமாட்டார்.

"கொழும்பில தமிழன் ஓடக்கூடாது. ஓடினா சந்தேகப்படுவாங்கள்."

அப்படிப்பட்டவர், கண்டிப் பக்கத்து மலையோட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அதில் முன்பே ஓடியவன். அவருக்கு அதுதான் முதல் தடவை.

கடைசி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவரோ என்னைத் தாண்டி, முதல் ஆளையும் நெருங்கிவிட்டார். வளைவில் ஒரு காவலரண். ஓடுகிறவர்களுக்குச் சிப்பாய் ஒருவன் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான். இவர் ஓட்டத்தை நிறுத்தினார். நடந்து போய், வியர்வையில் நனைந்த ஐசியை அவனிடம் நீட்டினார். அவன் குழம்பிப்போய்ச் சிரித்தான். "துவன்ன, துவன்ன" என்று சிங்களத்தில் ஓடச்சொல்லிக் கைதட்டினான்.

இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த வளைவு வரை நடந்தே போனார். நான் உட்பட எல்லோரும் அவரைத் தாண்டி ஓடினோம்.

முடிவிடத்தில் கேட்டேன்.

"அவனே ஓடச்சொன்னவன்தானே? பிறகேன் நடந்தனீங்கள்?"

"அவன் சொன்னவன்தான். பின்னால துவக்கோட நிண்ட மற்றவன் ஒண்டும் சொல்லேல்லையே."

அங்கே துப்பாக்கியோடு இன்னொருவனை நான் காணவேயில்லை. அப்படி ஒருவன் நின்றானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.