லூர்துக்குப் போகவில்லை

பாரிஸ் லாச்சப்பலில் இருக்கிற எங்கள் சனத்துக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடுதான். லண்டனில் சித்தி வீடு, சுவிஸில் மச்சாள் வீடு, ஜெர்மனியில் யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் பிறந்தநாள். பயணப்பையில் பாதி மிளகாய்த்தூளும் பலகாரமும். இந்த முறை வக்கான்ஸ் விடுமுறைக்கு எங்கே என்று கேட்டவர்களிடம், பின்லாந்துக்கு, அதுவும் அதன் வடக்குத் தொங்கலில் உள்ள ஏரிகளுக்கு என்று சொன்னேன். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்."

மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்காத குறை. மீன் பிடிக்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் இன்னொரு மாதிரிப் போனது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

எனக்கு வேலை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில். ஆகஸ்ட் வந்தால் முதலாளி கதவைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். என்னோடு பாத்திரம் கழுவுகிற மட்டக்களப்புச் சிநேகிதியும் நானும் மாசிமாதத்திலிருந்தே திட்டம் போடத் தொடங்கிவிட்டோம். மத்தியான வேலை முடிந்ததும் வெங்காயப் பெட்டியின்மேல் வரைபடத்தை விரிப்போம். அந்தப் பக்கத்தில் நிலத்தைவிட நீர்தான் கூட. ஏரிக்கரையில் ஒரு மரக்குடில், அதோடு ஒரு சிறு வள்ளம். மின்சாரம் கிடையாது, கக்கூசு வெளியே, கடைக்குப் போவதென்றால் காரில் ஒரு மணித்தியாலம். இரவிலும் வெளிச்சம் போகாதாம்.

"நுளம்பு கடிச்சே கொண்டுபோடுமாம்," என்றேன்.

"நுளம்புக்குப் பயந்தா மட்டக்களப்பில வளர்ந்திருப்பனா புள்ள?" என்றாள் அவள்.

அவளோடு எனக்கு வந்த ஒரே சண்டை தகரமீனால்தான். மீன் படாவிட்டால் என்ன செய்வது, நாலு தகரமீன் எடுத்து வைப்போம் என்றாள். மீன் பிடிக்கப் போகிறவள் தகரமீனோடு போவாளா? வெட்கமில்லையா? தூண்டில் போட முதலே தோற்றுப்போகவா அவ்வளவு தூரம் போகிறோம் என்று கத்தினேன். கடைசியில் பருப்பு கொண்டுபோவதென்று முடிவானது.

தூண்டிலை நான் ஊரில் பழகவில்லை. முல்லைத்தீவில் எங்கள் ஐயா கடற்தொழில் செய்தவர். அண்ணை பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு கடலுக்குப் போவார். நானோ பெண்பிள்ளை, வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது. மீனை வெட்டலாம், காயவைக்கலாம், விற்கலாம், பிடிக்கமட்டும் கூடாது. தூண்டிலை முதன்முதலில் கையில் எடுத்ததே இங்கே, வில்லெத் கால்வாய்க்கரையில்தான். மீன்பிடி அனுமதி அட்டை எடுத்து, யூடியூப்பில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று நின்று பழகினேன். போன வருடம் ஒரு பெரிய பிரோஷே மீன் கொத்தியது. எங்கள் ஊர்ச் சீலா மீன் மாதிரி நீட்டு வாய், வாய் நிறையப் பல். கரைக்குக் கிட்ட வந்ததும் என் முடிச்சு அவிழ்ந்துபோனது. தூண்டில்முள்ளோடு மீன் போய்விட்டது. அன்று கால்வாய்க்கரையில் நின்று நான் அழுததைச் சிநேகிதி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகவே ஊரை நினைத்து உருகித்தான் இந்தப் பயணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர் எனக்குத் தரமாட்டேன் என்றதை எடுக்கத்தான் போகிறேன்.

வைகாசியில் அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் இருக்கிறார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெடியன் பொறியியல் படித்தவன், பிள்ளைக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாய் சேலை பார்க்க லாச்சப்பலுக்கு வருகிறாராம், என் வீடு பக்கத்தில் என்பதால் தேத்தண்ணி என் வீட்டில்.

"வரட்டும், நல்லது," என்றேன்.

"தங்கச்சி, உந்தத் தூண்டிலுகளை எங்கையாவது ஒளிச்சு வை."

"ஏன்?"

"ஏனெண்டு உனக்குத் தெரியாதே? நாங்கள் வயல் செய்யிற கமக்காரர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

எங்கள் சனம் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். "ஊரிலை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" என்றுதான் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அண்ணை பிரான்ஸில் இறங்கிய நாளிலிருந்து கமக்காரர். மீனே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு ஆட்டிறைச்சி தின்கிறார். ஐயா பிடித்த மீனை விற்ற காசில்தான் அவர் இங்கே வந்தவர்.

"ஆகஸ்டிலை எங்கை போறாய் எண்டு கேட்டால் லூர்துக்கு எண்டு சொல்லு," என்றார். "லூர்துக்குப் போறவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்காயினம்."

அது உண்மை. சைவமோ, வேதம் என்கிற கிறிஸ்தவமோ, எங்கள் சனம் ஆகஸ்டில் பஸ் பிடித்து லூர்து மாதாவிடம் போகும். போனை வைக்கப் போனேன். ஆனால் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. என் பிடிவாதத்தால் அவளுக்கு ஒன்று தவறிப்போனால்? சரி என்றேன். கலியாணம் கட்டி, அது சரிவராமல் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து எடுத்தவள் நான். சனம் என்ன சொல்லும் என்று அன்றைக்கும் பயப்படவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாய் வர இருந்த சனிக்கிழமை தூண்டில்களைக் குளியலறைக்குள் கொண்டுபோய் மறைத்து வைத்தேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசிதான். வடையை ருசித்துச் சாப்பிட்டார், சேலையை விரித்துக் காட்டினார். அண்ணை இல்லாத வயலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள், என் மருமகள், தலையைக் குனிந்து போனைப் பார்த்தபடி இருந்தாள். புறப்படும் நேரம் அந்த அம்மா கைப்பையைத் திறந்து, ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"லூர்துக்குப் போறீங்களாம். எனக்கும் கொஞ்சம் மாதாவின்ரை தீர்த்தம் கொண்டுவாங்கோ. முழங்கால் வருத்தம் தாங்கேலாமல் கிடக்கு."

நான் போத்தலைப் பார்த்தேன். இதை வாங்கினால் என்ன செய்வது? குழாய்த் தண்ணீரை நிரப்பிக் கொடுப்பதா? அந்த மனுசி அதை முழங்காலில் பூசிக் கும்பிடுவதா? பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

"அம்மா, நான் லூர்துக்குப் போகேல்லை," என்றேன். "பின்லாந்துக்கு மீன் பிடிக்கப் போறன். எங்கடை ஐயா முல்லைத்தீவிலை கடற்தொழில் செய்தவர். வயல் எங்களுக்கு ஒருக்காலும் இருந்ததில்லை."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சேலையை மெதுவாக மடித்தார்.

"யோசிச்சுச் சொல்லுறம்," என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். போத்தல் மேசையிலேயே நின்றது.

அந்த அம்மா போய்க் கதவு சாத்தியதும் அண்ணை வெடித்தார். "உன்ரை கோதாரி மீனாலை என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு! எங்கை அந்தச் சனியன்? இண்டைக்கு முறிச்சு எறியிறன்!"

மருமகள் எழுந்து குளியலறைக் கதவுக்குக் குறுக்கே நின்றாள். "அப்பா, என்னைக் கட்டப்போறவருக்கு எல்லாம் தெரியும். முதல் மாதமே நான் சொல்லிட்டன்," என்று தமிழில் சொன்னாள். மிச்சத்தைப் பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தாள். அவனுடைய அம்மா வேண்டாம் என்றாலும் அவன் கட்டுவான், அவன் மாட்டான் என்றால் அவனும் வேண்டாம் என்பதுதான் அதன் சாரம்.

அண்ணை அவளைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். முறிக்க வந்தால் நானும் விடமாட்டேன், அந்த அளவுக்குக் கோபம் எனக்கும் இருந்தது. அவர் ஒரு தூண்டிலைப் பிடித்து முழங்காலில் வைத்தார். அப்படியே நின்றார். நுனியில் தொங்கிய முள்ளை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது ஆர் கட்டினது?"

"நான்தான்."

"விசரி. இதுவும் ஒரு முடிச்சே? ஒரு மீன் தலையை ஆட்டினால் கழண்டுபோகும்."

குளியல்தொட்டியின் விளிம்பில் இருந்தார். பல்லால் நூலை அறுத்தார். "தங்கூசியை எச்சில்போட்டு ஈரமாக்கிப்போட்டுத்தான் இறுக்க வேணும், காய இறுக்கினால் சூடேறி அறும்," என்றார். நைலோன் நூலுக்கு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம்! சுற்றினார், நுழைத்தார், எச்சில் வைத்து இழுத்தார். அவருடைய விரல்கள் ஒரு தரமும் தடுமாறவில்லை. இழுத்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவருக்கே விளங்கியது. வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. இன்னும் போகவில்லை. ஆனால் அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அண்ணை, நான் பாக்கேல்லை," என்றேன். "இன்னொருக்கால் கட்டிக் காட்டுங்கோ."

அவர் மற்றத் தூண்டிலைக் கையில் எடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தப் போத்தலைக் கழுவிப் பையில் வைத்திருக்கிறேன். ஏரித் தண்ணீர் நிரப்பி வந்து அந்த அம்மாவிடம் நானே நேரில் கொடுப்பேன், எந்தத் தண்ணீர் என்றும் சொல்லுவேன். பூசுவதும் விடுவதும் அவர் பாடு.

நேற்றும் கடையில் யாரோ கேட்டார்கள், அங்கை ஆர் இருக்கினம் என்று. பக்கத்தில் அண்ணை நின்றார். நான் வாயைத் திறக்க முதல் அவர் சொன்னார்:

"மீன் இருக்கு. என்ரை தங்கச்சி பிடிக்கப் போறாள்."