கொண்டையில் வந்த பஞ்சு

ஒச்சாயி வாயாடி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து வீரபாண்டி லைன் வீட்டில் குடியேறிய நாளிலிருந்து, வேலை விட்டு வந்ததும் புருஷன் காசிமாயனோடு பாயில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். அவன் கேட்பான். டிவி வாங்கிய பிறகும் அது மாறவில்லை.

குளிர்நாட்டு ஆர்டர் துணியைச் சீவி மெத்தென்று ஆக்கும் மெஷினில் அவனுக்கு வேலை. அங்கே பஞ்சு பறக்கிற பறப்பில் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. 2006 ஆடியில் இருமல் பிடித்தது. தூசுக்கு வெல்லம் நல்லது என்று எல்லோரையும் போல அவனும் தின்றான். வெல்லம் வயிற்றுக்குப் போனது. பஞ்சு நெஞ்சுக்குத்தான் போனது.

மூச்சிரைப்பு முற்றியதும் டாக்டர் தனபாலிடம் போனார்கள்.

"மூச்சுக்குழாயோட உள்தோல் வீங்கிக் கெடக்குதுங்க. போதும், அடங்குன்னு அந்தத் தோலுக்குச் சேதி சொல்ல ஒடம்பே கொழுப்புல இருந்து ஒண்ணு தயார் பண்ணுமுங்க. அதைக் கேட்டுத் தோல் ஆறோணும். ஆறதுக்குள்ள மறுபடி தூசு போனா சொன்னது வீணுங்க" என்றார் அவர். மருந்து எழுதிவிட்டு, மெஷின் பக்கமே போகக்கூடாது என்றார்.

காசிமாயன் வேலையை விட்டான். ஒருவர் வேலையிலிருந்து நின்றால் அவர் வீட்டு ஆளே அந்த மெஷினுக்குப் போவது அங்கே வழக்கம். இடம் கைவிட்டுப் போகாது. ஒச்சாயி போனாள். டாக்டர் சொன்னதில் கொழுப்பு மட்டும் அவள் மனதில் நன்றாகப் பதிந்திருந்தது. கொழுப்புள்ள மீன் என்று மத்தியைத் தேடி வாங்கி வாரம் தவறாமல் குழம்பு வைத்தாள்.

பகலில் அவனுக்குப் பரவாயில்லை. சாயங்காலம் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

"நான் பேசுறதக் கேட்டா ஒங்களுக்கு மூச்சு வாங்குதா மச்சான்?" என்று சீண்டுவாள். அவன் சிரிப்பான்.

கார்த்திகையில் அவள் வேலையிலிருந்து நேராக அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். தனபால் அவனைச் சோதித்துவிட்டு அவளைப் பார்த்தார். எழுந்து வந்து அவள் கொண்டையிலிருந்து ஒரு வெள்ளைத் துணுக்கை எடுத்தார்.

"அம்மிணி, நீங்க எந்த மெஷினுங்க?"

சொன்னாள்.

"தூசு ஊட்டுக்கே வந்துட்டிருக்குதுங்களே. பின்ன எப்படிங்க ஆறும்?"

ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றிலிருந்து பொதுக் குழாயடியில் தலைக்கு ஊற்றி, சேலை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். கெஞ்சிக் கேட்டு வேறு வேலைக்கும் மாறினாள். ஆனால் மார்கழியில் அவனுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"எம்மேல இருந்த பஞ்சுதேன்னு தெரியாமப் போச்சே மச்சான்" என்று கட்டிலோரம் அழுதாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீ போன மொத வாரமே."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "சொன்னா நீ தள்ளி ஒக்காந்துருவ."

அந்த வாரமே போய்விட்டான். அழ வேண்டிய இடத்தில் ஒச்சாயிக்குக் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி அவனைத் திட்டினாள்.