மாடியிலிருந்து இறங்கிய எலுமிச்சை

கல்யாணமான புதிதில் என் மனைவி என்னிடம் புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. ஓர் எலுமிச்சங்கன்று வாங்கினாள். அதையும் கேட்டு வாங்கினாள் என்று சொல்ல முடியாது. வாங்கிவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செஞ்சி கடைத்தெருவில் நான் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடலை மண்டி நடத்தும் ஒரு பாய் வீட்டின் மாடியில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அதற்கு முன்னால் திறந்த மொட்டை மாடி. கீழே பாய் குடும்பம். என் மனைவி வல்லத்துப் பக்கம் மணிலாக் கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். வந்த முதல் வாரமே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு செடி வைக்கக்கூட மண்ணு இல்லியா?" என்று கேட்டாள். இல்லைதான். கீழே கொல்லைப்புறம் முழுக்கக் கருங்கல் பாவியிருந்தது. கல்லைப் பெயர்த்தாலும் சாண் ஆழத்தில் பாறைதான் வரும் என்று பாய் சொல்லியிருந்தார்.

அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒருவர் தள்ளுவண்டியில் கன்றுகள் விற்றுக்கொண்டிருந்தார். ரோஜா, மல்லிகை, மாதுளை, எலுமிச்சை. பஸ் எந்த நேரமும் வரலாம் என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வண்டிப் பக்கம் போய்விட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்த அழகான கன்றுகள் முன் வரிசையில் இருந்தன. அவள் ஒன்றையும் தொடவில்லை. பின்னால் இருந்த ஒரு குட்டைக் கன்றை எடுத்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள், தண்டை விரலால் தடவினாள், பையோடு தூக்கிக் கனம் பார்த்தாள்.

"இதுவா? இன்னா இது, நோஞ்சானாட்டம் இருக்குது" என்றேன்.

"ஒசரமா இருக்கறதெல்லாம் நெழல்ல வளந்தது. நம்ம மாடி வெயிலுக்கு நிக்காது. இது வெயில்லயே கெடந்திருக்குது, பாருங்க, எலை எவ்ளோ தடிப்பா இருக்குதுன்னு."

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் அவளையும் கன்றையும் பார்த்து, "இன்னாம்மா, மரத்தையெல்லாம் ஏத்திக்கினு வர? முள்ளு குத்தினா யாரு பதில் சொல்றது? அத டிரைவராண்ட இன்ஜின் பெட்டி மேல வச்சிடு" என்றார்.

"அங்க சூடுண்ணா. வேர் வெந்துடும். நானே வச்சிக்கறேன்."

இடம் கொடுக்க ஒரு பெரியம்மா நகர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கன்று நசுங்கும் என்று அவள் மறுத்துவிட்டாள். செஞ்சி வரைக்கும் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டே வந்தாள், ஒரு கை கம்பியில், ஒரு கை கன்றை அணைத்தபடி. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இறங்கும்போது கண்டக்டரே படியில் நின்று கன்றை வாங்கிக் கீழே கொடுத்தார். அவள் முழங்கையில் முள் கீறி ரத்தக்கோடு போட்டிருந்ததை நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

முதலில் மண் தொட்டி. அடுத்த வருஷம் அது போதாமல், பழைய இரும்புக் கடையில் ஒரு எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டி வாங்கி வந்தோம். அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தது நான். மற்றதெல்லாம் அவள். தாய்வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் சிமெண்ட் பையில் ஏரி வண்டலும் ஆட்டு எருவும் கட்டிக்கொண்டு வருவாள். மற்ற பெண்கள் முறுக்கு, அதிரசம் கொண்டுவருவார்கள். நீ மண்ணைக் கொண்டுவருகிறாயே என்று நான் கிண்டல் செய்வேன். "அடுத்த வாட்டி முறுக்குல நட்டுப் பாக்கறேன்" என்பாள்.

செஞ்சி வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் மலைப்பாறைகள் சூட்டைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு நம் மேல் கொட்டும். மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அவள் டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டிவிட்டாள். தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை ஒடுங்கலான மாடிப்படியில் இடுப்பில் சுமந்து ஏறுவாள். அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், ஒன்றும் வீணாகாது.

அதன் பிறகு புழுக்கள் வந்தன. இலைமேல் காக்கை எச்சம் போட்டது போல இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் நகரும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். நான் மருந்து வாங்கி வந்து அடிக்கலாம் என்றேன். "கொழந்த வெளையாடற எடம், மருந்து வேணாம்" என்றாள். எங்கள் மகள் அப்போதுதான் அந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். தினமும் காலையில் என் மனைவி புழுக்களைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். சுவரோரம் சாய்ந்த ஒரு கிளையை மட்டும் தொட மாட்டாள். பொறுக்கியதையெல்லாம் அதிலேயே விடுவாள். அந்தக் கிளை மொட்டையாகும். சில நாள் கழித்துக் கருப்பும் மஞ்சளுமாய் வண்ணத்துப்பூச்சிகள் மாடியில் பறக்கும், மகள் கைதட்டுவாள். புழுவுக்கும் எலுமிச்சையில் பங்கு போட்டுக் கொடுத்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மலையிலிருந்து குரங்குகள் வந்த ஒரு மதியம் நடுக்கிளை பிளந்துபோனது. கடைக்கு ஆள் அனுப்பினாள். என்னவோ ஏதோ என்று ஓடி வந்தேன். "உங்க கறுப்பு டேப்பு கொண்டாந்தீங்களா?" என்றாள். ஒயர் சுற்றும் இன்சுலேஷன் டேப். பிளவை அவள் அழுத்திப் பிடிக்க, நான் சுற்றினேன். அந்தச் செடிக்கு நான் செய்த வைத்தியம் அது ஒன்றுதான். கிளை ஒட்டிக்கொண்டது.

எல்லாம் இருந்தும் மரம் பூக்கவில்லை. வருஷங்கள் போயின. ஆள் உயரம் தாண்டிக் குடைபோல விரிந்து நின்றது, இலை பச்சைப்பசேலென்று. பூ மட்டும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஆணி அடி, மோர் ஊற்று, இது மலட்டுச்செடி, பிடுங்கி எறி. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பாள். ஒன்றையும் செய்ய மாட்டாள். பூக்காதது பற்றி அவள் குறைபட்டு நான் கேட்டதில்லை. "எலையக் கசக்கி மோர்ல போட்டா மணக்குதே, அது போதாதா?" என்பாள்.

ஓர் ஆடியில் பாய் படியேறி வந்தார். தயக்கமாகவே நின்றார். கீழே கூடத்து மேல்தளத்தில் ஈரம் கசிகிறது, உத்தரம் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, கொத்தனார் வந்து பார்த்துவிட்டுப் பாரத்தை இறக்கச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. கீழ புள்ளைங்க தூங்குதுங்க. மரத்த எடுத்துடுங்க. படியில எறக்க முடியாது. வெட்டிட்டீங்கன்னா டிரம்ம எறக்கிடலாம்."

நான் தலையாட்டிவிட்டேன். அவள் உள்ளேயிருந்து வந்தாள்.

"பாய், நீங்க சொல்றது நியாயம்தான். எறக்கிடறோம். வெட்டாம எறக்கறோம். உங்க கொல்லையில ஒரு மூலை குடுத்தா போதும்."

"எப்டிம்மா எறக்குவ?"

"உங்க மண்டி ஆளுங்க லாரிலேர்ந்து மூட்டை எறக்கறாங்களே, அதுமாதிரிதான். ஒரு ரெண்டு வாரம் குடுங்க."

அன்றிலிருந்து அவள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். நான் பதறினேன். "ஈரமண்ணு எவ்ளோ கனம் தெரியுமா? காஞ்சாத்தான் தூக்க முடியும்" என்றாள். இலைகள் சுருண்டன, மஞ்சளாகின, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பெருக்கி அள்ளும்போது அவள் முகம் வாடியிருக்கும். ஆனாலும் சொம்புத் தண்ணீரைக்கூட அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. நானாக இருந்தால் இரக்கப்பட்டு ஊற்றியிருப்பேன், காரியம் கெட்டிருக்கும்.

இறக்கும் நாளில் மண்டி ஆட்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். கிளைகளையெல்லாம் மேல்நோக்கிச் சேர்த்துத் தன் பழைய புடவைகளால் சுற்றிக் கட்டியிருந்தாள். டிரம்முக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கோத்து, கைப்பிடிச் சுவர்மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிற்றை விட்டு மெதுவாக இறக்கினோம். நானும் மேலே கயிற்றைப் பிடித்திருந்தேன். தெருவே கூடிவிட்டது. அவள் கீழே கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள்.

பாதி தூரத்தில் கயிறு திடீரென்று இளகியது. டிரம்மின் விளிம்பு கீழ்வீட்டு ஜன்னல் சன்ஷேடில் மாட்டிக்கொண்டு சாய்ந்தது. மண் சரிந்து கொட்டும் சத்தம் கேட்டது. என் இடத்திலிருந்து கீழே எதுவும் தெரியவில்லை. "வுட்டுடாதீங்க, வுட்டுடாதீங்க!" என்று ஆட்கள் கத்தினார்கள். என் உள்ளங்கை எரிந்தது. அப்போது அவள் குரல் மட்டும் கேட்டது.

"யாரும் இழுக்காதீங்க! அப்டியே புடிங்க. நான் தள்றேன்."

"அடியில நிக்காத!" என்று கத்தினேன்.

"நிக்கல. பக்கத்துல இருக்கறேன். நீங்க கயித்தப் பாருங்க."

துணி காயப்போடும் மூங்கில் கம்பை எடுத்து, சுவரை ஒட்டி நின்று, டிரம்மின் அடியில் முட்டுக்கொடுத்து நெம்பியிருக்கிறாள். பாய் ஓடிப்போய்த் தானும் அந்தக் கம்பைப் பிடித்திருக்கிறார். டிரம் சன்ஷேடை விட்டு விலகி ஒரு முறை ஊசலாடி நேராக நின்றது. "இப்ப வுடுங்க. மெதுவா, மெதுவா." கல் தரையில் அது உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் கயிற்றை விட்டேன். நான் இறங்கி ஓடினேன். அவள் தலையெல்லாம் மண். ஆட்களுக்கு டீ போட வேண்டும், அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று எனக்கு முன்னால் மாடியேறிப் போய்விட்டாள். பாய்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, என் மண்டியில மேஸ்திரி வேல காலியா இருக்குது. உங்க வீட்டம்மாவ அனுப்புறீங்களா?"

மரம் ஏறக்குறையக் குச்சியாக நின்றது. அவள் நிறையத் தண்ணீர் ஊற்றினாள். ஆவணியில் மழையும் பிடித்துக்கொண்டது. இனி பிழைக்காது என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். ஒரு காலை பாய் வீட்டம்மா கீழேயிருந்து கூப்பிட்டார்: "இங்க வந்து பாரேன், வாசன தூக்குது!" தளிரும் மொட்டுமாகக் கிளை முழுக்க வெள்ளை. அத்தனை வருஷமும் துளி வாட்டமில்லாமல் வளர்ந்த மரம், வாடவிட்டுத் தண்ணீர் காட்டியதும் பூத்துவிட்டது. எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்களாம். பின்னால் யாரோ சொன்னார்கள். அவளுக்கு அது தெரியாது. "நான் கனத்துக்காகத்தான் காயப்போட்டேன். இவ்ளோ நாளா நான்தான் அதுக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்துருக்கேன்" என்று சொல்லி வெகுநேரம் சிரித்தாள்.

காய்கள் பழுத்தபோது சித்திரை வெயில். அந்த வருஷம் நோன்பு மாதமும் அதிலேயே வந்தது. முதலில் பறித்த பழங்களை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கீழே கொடுத்தாள். "ஊட்டு பாரத்த எறக்கச் சொன்னதுக்கு" என்றாள். அந்த மாதம் முழுக்க நோன்பு திறக்கும் நேரத்தில் எங்களுக்கும் மேலே கஞ்சி வரும், கூடவே ஒரு சொம்பில் எலுமிச்சை சர்பத்.

எண்பதுகள் முடிவதற்குள் ஊருக்கு வெளியே நாங்களும் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டோம். சாமான்களை ஏற்றிய பிறகு டிரம்மை அசைத்துப் பார்த்தால் அது நகரவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் இறங்கி, கல் இடுக்கில் புகுந்து, பாறை வெடிப்பைத் தேடிப் பிடித்திருந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பாய் வீட்டம்மா வாசற்படியில் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. அது எடத்தப் புடிச்சிக்கிச்சி. இங்கயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. பிறகு மரத்தின் பின்பக்கம் போய், ஒரு கிளையில் சாக்குத்துணி சுற்றியிருந்த இடத்துக்குக் கீழே கத்தரித்து எடுத்தாள். பட்டையைச் சீவி, மண் வைத்துக் கட்டி, எப்போதோ பதியன் போட்டு வைத்திருக்கிறாள். துணிக்கு வெளியே வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் அந்த வழியாகத்தான் நான் போய் வந்துகொண்டிருந்தேன், கவனித்ததே இல்லை.

புது வீட்டுக்குப் போய் அவள் முதலில் செய்த வேலை கொல்லையில் குழி வெட்டியதுதான். அங்கே நல்ல செம்மண். என்னைக் கன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள்.

"நேராப் புடிங்க" என்றாள்.

நான் நேராகப் பிடித்துக்கொண்டேன்.