காளிராஜ் நிமிர்த்திய வில்

ராஜபாளையத்து நூல்மில்லில் காளிராஜோடு பத்து வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன் நான். அவன் ஃபிட்டர். நூல் சுற்றும் ஸ்பிண்டில் வளைந்துபோனால் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்து, அடியில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு நிமிர்த்திவிடுவான். மிஷின் நன்றாக ஓடினால் சூப்பர்வைசருக்குப் பாராட்டு, நின்றால் காளிராஜுக்கு மெமோ. ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் 'இது காளிராஜ் செஞ்சது' என்று யாராவது சொல்லிவிட வேண்டும். அவனுக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

1987 ஆடியில் அதற்கு வழி பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வயலின் வித்வான் ஆராவமுதனின் வில்லில் குதிரைமுடி அறுந்துபோனது. மதுரைக்குப் போக நேரமில்லாமல் இவனிடம் கொண்டுவந்தார். தாத்தா காலத்தில் பிரான்சிலிருந்து வந்த வில். அதை வைத்து வாசிக்கும் நேரத்தைவிட அதன் பெருமையைப் பேசும் நேரம்தான் அதிகம்.

"நாளன்னைக்கு ஆடிப்பூரக் கச்சேரி. புது முடி கட்டிக் கொடு. மேடையில உன் பேரைச் சொல்றேன்" என்றார்.

போதாதா? குதிரைவண்டிக்காரரைக் கெஞ்சி வால்முடி வாங்கினான். பழைய முடியைக் கழற்றி, வில்லின் குச்சியைக் கண்ணாடியில் வைத்தான். நடுவில் வளைந்திருந்தது. பாவம், மனுசன் இம்புட்டு நாளா கோணல் வில்லை வச்சு வாசிச்சிருக்காரே என்று மனமிரங்கி, கரி அடுப்பில் இதமாகச் சூடுகாட்டி, நூல் பிடித்தாற்போல நிமிர்த்தினான்.

மறுநாள் காலையில் இழுத்துப் பார்த்த ஆராவமுதன் தலையில் கை வைத்துக்கொண்டார். துள்ள வேண்டிய வில் தொய்ந்து கிடந்தது.

"பாவி, அந்த வளைவுலதானே அதோட உசிரே இருக்கு! திருப்பி வளை!"

"உள்பக்கமாத்தானே சாமி, முடியைப் பாக்க வளைஞ்சிருந்துச்சு?"

"முப்பது வருஷமா வாசிக்கறவன் நானா, நீயா? வெளிப்பக்கம்!"

தப்பு செய்தவன் என்ன வாதாடுவது? காளிராஜ் வெளிப்பக்கமே வளைத்துக் கொடுத்தான்.

கச்சேரியில் அந்த வில் வேகம் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வித்வான் நிதானமாக வாசித்தார். ஊர் அதை முதிர்ச்சி என்றது. கச்சேரி முடிந்ததும், ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர் சௌந்தரபாண்டியன் மேடையேறி வில்லைக் கையில் வாங்கி அசந்துபோனார்.

"முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல இப்படி வெளிப்பக்கமாத்தான் வளைச்சாங்க. பொறவுதான் உள்பக்கமா மாத்தினாங்க. இது எப்படி உங்ககிட்ட?"

நானும் காளிராஜும் மேடையோரம் நின்றிருந்தோம். அவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டான்.

"எங்க வம்சத்துச் சொத்து" என்றார் ஆராவமுதன், மைக்கைப் பிடித்து.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. காளிராஜுக்குத்தான் கோபப்படவே தெரியாது. மறு வருஷம், வில்லுக்கு முடி மாற்ற ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அவனே போய் நின்றான்.

வித்வான் வில்லை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"முன்னூறு வருஷத்துப் பொருள்ப்பா இது. மில் ஃபிட்டர் கையில கொடுக்க முடியுமோ?"